குளுட்டமேட் வாங்கிகளும் அவற்றின் துணைப் புரதங்களும்: வெள்ளவத்தை வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் உயிரியல் படிப்பிக்கிறேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், பல்கலைக்கழகம் போன பிறகும் சந்தேகத்தோடு திரும்பி வருகிற பழைய பிள்ளைகள், வகுப்பு முடியும்வரை வாசலில் நிற்கும் பெற்றோர் என்று பலரும் நரம்புக்கலம் பற்றிக் கேட்கிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. கொப்பியின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைத்தவற்றை இங்கே தருகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சொற்கள் நமது பாடநூல் வழக்கில் இருக்கின்றன. இந்தியாவில் படித்தவர்கள் வாங்கியை ஏற்பி என்றும், கலத்தை செல் என்றும், பரம்பரையலகை மரபணு என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.

மிஸ், குளுட்டமேட் எண்டா சைனீஸ் கடையில போடுற அஜினமோட்டோ தானே? அது மூளைக்குள்ள என்ன செய்யுது?

மூலக்கூறு ஒன்றுதான். அஜினமோட்டோ என்பது குளுட்டமிக் அமிலத்தின் சோடியம் உப்பு. ஆனால் ஃபிரைட் ரைஸில் சாப்பிட்டது நேரே மூளைக்கு ஏறுவதில்லை. அதில் பெரும்பகுதியைக் குடலின் கலங்களே எரித்துச் சக்தியாக்கிவிடும். மிச்சம் இரத்தத்துக்கு வந்தாலும், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடை அதை எளிதில் உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது.

அங்கே அதற்குப் பெரிய வேலை இருக்கிறது. ஒரு நரம்புக்கலம் அடுத்ததைத் தூண்டுவதற்கு மூளையில் அதிகம் பயன்படுத்துவது குளுட்டமேட்டைத்தான். ஒரு கலம் அதை இடைவெளிக்குள் கொட்டுகிறது. எதிர்ப்பக்கத்து மென்சவ்வில் அதைப் பிடிப்பதற்கு வாங்கிகள் இருக்கின்றன. இந்த இணைப்பைத்தான் சினாப்ஸ் என்கிறோம்.

வாங்கி எண்டா கதவு மாதிரியா, பூட்டு மாதிரியா?

இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. நாங்கள் இங்கே பேசும் வகை நான்கு துண்டுகள் சேர்ந்து அமைந்தது. நடுவில் அயன்கள் போகும் துளை இருக்கிறது. மென்சவ்வுக்கு வெளியே ஒவ்வொரு துண்டிலும் சிப்பி போல இரண்டு மடல்கள் உண்டு. குளுட்டமேட் உள்ளே வந்ததும் சிப்பி மூடிக்கொள்ளும். மூடும்போது கீழே உள்ள இணைப்பை இழுக்கும், துளை திறக்கும், சோடியம் உள்ளே பாயும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். குளுட்டமேட் தொடர்ந்து இருந்தாலும் துளை சில மில்லிசெக்கன்களில் தானாக அடைபட்டுவிடும். இதை வாங்கி மரத்துப்போவது என்று சொல்கிறேன். பின்னால் பலமுறை வரப்போவதால் இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பா, கைனேட், என்எம்டிஏ எண்டு ஏன் இவ்வளவு பேர்? பாடமாக்கவே ஏலாம இருக்கு.

இவை எல்லாம் ஆய்வுகூடத்தில் அந்தந்த வாங்கியைத் தூண்டப் பயன்பட்ட பொருள்களின் பெயர்கள். உடம்பில் எல்லாவற்றையும் தூண்டுவது குளுட்டமேட்தான். கைனேட் ஜப்பானியக் கடற்பாசி ஒன்றிலிருந்து வந்தது. அந்தப் பாசியைக் குடற்புழுவுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். ஆம்பா வாங்கிக்கு முன்பு குவிஸ்குவாலேட் வாங்கி என்று பெயர். அந்தப் பொருள் இருப்பது ரங்கூன் மல்லியின் விதையில். எங்கள் வகுப்புக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு மதில் நிறைய அந்தக் கொடிதான். மாலையில் வெள்ளையாகப் பூத்து, அடுத்தடுத்த நாட்களில் ரோசாகிச் சிவப்பாகிவிடும். பிள்ளைகளை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவர்களுக்கு மறக்கவில்லை.

மனிதரில் துளையுள்ள இந்தக் குளுட்டமேட் வாங்கிக் குடும்பத்துக்கு 18 பரம்பரையலகுகள் இருக்கின்றன. ஆம்பாவுக்கு 4, கைனேட்டுக்கு 5, என்எம்டிஏக்கு 7, டெல்டா என்ற இன்னொரு வகைக்கு 2. வேகமான தொடர்பில் பெரும்பகுதியைச் செய்வது ஆம்பா. அதனால் கீழே அதிகம் பேசப்படுவது அதுதான்.

துணைப் புரதம் எண்டா என்ன? வாங்கியின்ர ஒரு துண்டா?

இல்லை. துளையைக் கட்டும் நான்கு துண்டுகளில் அது ஒன்று அல்ல. பக்கத்தில் ஒட்டி நிற்கும் தனிப் புரதம் அது. 100ஆம் இலக்க பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். எஞ்சினும் கதவும் பஸ்ஸுக்குச் சொந்தம். கொண்டக்டர் பஸ்ஸின் பாகம் இல்லை. ஆனால் எந்த ஹோல்டில் நிற்பது, கதவு எவ்வளவு நேரம் திறந்திருப்பது, எப்போது புறப்படுவது எல்லாம் அவர் கையில் இருக்கிறது. ஒரே பஸ்தான், கொண்டக்டர் மாறினால் பயணம் மாறிவிடும்.

ஒரு புரதத்தைத் துணை என்று சொல்வதற்கு ஆய்வாளர்கள் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். அது துளையின் பாகமாக இருக்கக் கூடாது. வாங்கியோடு நேரடியாக, நிலையாக ஒட்டியிருக்க வேண்டும். வாங்கி போய்ச் சேரும் இடத்தையோ அது திறந்து மூடும் விதத்தையோ மாற்ற வேண்டும். உயிருள்ள மூளையிலும் அந்த வேலை நடக்க வேண்டும்.

அப்ப பிஎஸ்டி-95உம் துணைப் புரதம் தானே? அதுவும் வாங்கியப் பிடிச்சு வச்சிருக்குது.

இல்லை. அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்ற ஒரு புரதம், சினாப்ஸுக்கு அடியில் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. ஆம்பா வாங்கியை அது பிடிப்பதுகூட முக்கியமாகத் துணைப் புரதத்தின் வால், அதாவது கலத்துக்குள் நீண்டிருக்கும் முனை, வழியாகத்தான். துளை எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அது நேரடியாகத் தீர்மானிப்பதில்லை.

இத எப்பிடிக் கண்டுபிடிச்சாங்க? ஆராவது தேடிப் போனாங்களா?

தேடிப் போகவில்லை. ஒரு எலி காட்டிக்கொடுத்தது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வுகூடம் எலி வளர்ப்புக்குப் பேர்போனது. அங்கே தானாக ஏற்பட்ட விகாரத்தோடு ஒரு வகை எலி பிறந்தது. தள்ளாடி நடக்கும். திடீர் திடீரென்று தலையை மேலே தூக்கி, மூக்கு கூரையைப் பார்க்க அப்படியே நிற்கும். அதோடு, உடல் துடிக்காமல் கொஞ்ச நேரம் உறைந்துபோகும் வகை வலிப்பும் இருந்தது. வானத்து நட்சத்திரத்தைப் பார்ப்பதுபோல இருந்ததால் ஸ்டார்கேசர் என்று பெயர் வைத்தார்கள். 1990இல் அதைப் பற்றிய விவரம் வெளிவந்தது.

1998இல் குறையுள்ள பரம்பரையலகைக் கண்டுபிடித்தார்கள். அது செய்யும் புரதத்துக்கு ஸ்டார்கேசின் என்று பெயரிட்டார்கள். பார்ப்பதற்கு அது எலும்புத்தசையிலுள்ள கல்சியம் வாயிலின் காமா துண்டைப் போல இருந்தது. அதனால் இது கல்சியம் விவகாரம் என்று நினைத்தார்கள். அந்தப் பரம்பரையலகின் பெயரில் இன்றைக்கும் கல்சியம் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். இந்த இடத்தில் பிள்ளைகள் குழம்புவது அவர்கள் பிழை இல்லை.

2000இல் ரோஜர் நிக்கோல், டேவிட் பிரெட் ஆகியோரின் குழுக்கள் அந்த எலியின் சிறுமூளையைப் பார்த்தன. அங்குள்ள மணிக்கலங்களில் என்எம்டிஏ வாங்கிகள் வேலை செய்தன, ஆம்பா மின்னோட்டமோ இல்லவே இல்லை. ஸ்டார்கேசினை அந்தக் கலங்களுக்குள் திரும்பச் செலுத்தியதும் ஆம்பா மின்னோட்டம் திரும்பி வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பரிசோதனை. வாலின் நுனியை வெட்டிய ஸ்டார்கேசினைச் செலுத்திப் பார்த்தார்கள். வாங்கிகள் கலத்தின் மேற்பரப்புக்கு வந்தன, சினாப்ஸுக்கு மட்டும் போகவில்லை. வீட்டிலிருந்து தெருவுக்கு வருவது ஒரு படி, தெருவிலிருந்து சரியான ஹோல்டுக்குப் போவது இன்னொரு படி. இரண்டும் வேறு வேறு என்பது அந்தச் சின்ன வெட்டில் தெரிந்துவிட்டது.

ஆம்பா வாங்கி இல்லாட்டி அந்த எலி எப்பிடி உயிரோட இருந்தது?

சிறுமூளையின் மணிக்கலங்கள் ஸ்டார்கேசினையே நம்பியிருக்கின்றன. மூளையின் மற்ற இடங்களில் அதன் உறவுக்காரர்கள் சமாளித்துவிடுகிறார்கள். தள்ளாட்டம் ஏன் பெரிதாகத் தெரிந்தது என்பதற்கும் அதுதான் காரணம், உடம்பின் சமநிலை சிறுமூளையின் பொறுப்பு.

அந்த உறவுக்காரர் எத்தனை பேர்?

ஸ்டார்கேசின் குடும்பத்துக்கு டார்ப் என்று பெயர். ஸ்டார்கேசின் என்பது காமா-2. காமா-3, 4, 8 ஆகியவை அதற்கு நெருங்கியவை, காமா-5, 7 கொஞ்சம் தள்ளி நிற்பவை. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் காமா-8 அதிகம்.

இந்தக் குடும்பத்துக்கு வெளியேயும் ஆட்கள் இருக்கிறார்கள். 2009இல் கோர்னிச்சான் என்ற புரதங்கள் ஆம்பா வாங்கியோடு ஒட்டியிருப்பது தெரியவந்தது. கோர்னிச்சான் என்றால் பிரெஞ்சில் ஊறுகாய்ப் பிஞ்சு வெள்ளரி. இந்தப் புரதம் பழ ஈயில் குறையும்போது முட்டை அந்த வடிவத்தில் வருவதால் அந்தப் பெயர். 2010இல் சீகேம்ப்44, 2012இல் ஜிஎஸ்ஜி1எல். மூளையிலிருந்து ஆம்பா வாங்கிகளைப் பிடித்தெடுத்து, கூட வந்தவற்றை எடையைக் கொண்டு இனங்கண்டபோது, அவற்றோடு சேர்ந்து வந்த புரதங்கள் முப்பதுக்கும் மேல் இருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் ஒட்டியிருப்பவை அல்ல. கலத்துக்குள் வாங்கி செய்யப்படும் காலத்திலிருந்து சினாப்ஸில் நிற்கும் காலம்வரை ஒவ்வொரு கட்டத்தில் ஒவ்வொன்று வந்துபோகும்.

துணை இருந்தா, இல்லாட்டி என்ன வித்தியாசம்? கண்ணால பாக்கிற மாதிரி ஏதும் சொல்லுங்கோ.

ஒரு கலத்தின் மென்சவ்விலிருந்து சின்னத் துண்டைக் கண்ணாடி ஊசியின் நுனியில் பிடித்து, அதன்மேல் குளுட்டமேட்டைச் சட்டென்று பாய்ச்சினால், திரையில் கோடு கீழ்நோக்கி விழும். அது உள்ளே பாயும் மின்னோட்டம். துணை இல்லாத வாங்கி என்றால், கோடு செங்குத்தாக விழுந்து, குளுட்டமேட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில மில்லிசெக்கன்களில் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு ஏறிவிடும். மேலே சொன்ன மரத்துப்போதல் இதுதான். அதே வாங்கியோடு ஸ்டார்கேசினைச் சேர்த்துச் செய்தால், கோடு சாய்ந்து மெதுவாக ஏறும், முழுவதும் ஏறாமல் இடையில் கொஞ்சம் தங்கிவிடும். குளுட்டமேட்டை நிறுத்திய பிறகும் மூடுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும்.

இந்தச் சின்னச் சாய்வை அலட்சியம் செய்ய வேண்டாம். ஒரு மில்லிசெக்கன் கூடுதலாகத் திறந்திருந்தால் அவ்வளவுக்கு அதிகம் சோடியம் உள்ளே போகும். அடுத்த கலம் சமிக்ஞை அனுப்புமா இல்லையா என்பதே அதில் மாறலாம். இன்னொரு பழைய புதிரும் இதில் அவிழ்ந்தது. வாங்கியின் பரம்பரையலகை மட்டும் வேறொரு கலத்துக்குள் வைத்துப் பார்த்தால் கைனேட் அதை அரைகுறையாகத்தான் திறந்தது. உண்மையான நரம்புக்கலத்தில் நன்றாகத் திறந்தது. வாங்கி ஒன்றாகவே இருக்கும்போது நடத்தை ஏன் மாறுகிறது என்று வருடக்கணக்காக விளங்காமல் இருந்தது. டார்ப்பைச் சேர்த்ததும் வேற்றுக் கலத்திலும் நரம்புக்கலத்தின் நடத்தை வந்துவிட்டது.

எங்க ஒட்டி இருக்குது? அதப் பாத்திருக்கிறாங்களா?

பார்த்திருக்கிறார்கள். 2009இல் ஆம்பா வாங்கியின் முழு வடிவம், புரதத்தைப் பளிங்காக்கி எக்ஸ் கதிரால் பார்க்கும் முறையில் தெரியவந்தது. பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில எழுத்து ஒய் போல இருக்கும். ஆனால் அதில் துணை எதுவும் இல்லை. துணையோடு சேர்த்துப் பார்க்க, மாதிரியைச் சட்டென்று உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமெடுக்கும் முறை முன்னேறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முறைக்கு 2017இல் இரசாயன நொபெல் பரிசு கிடைத்தது. 2016இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஸ்டார்கேசினோடு சேர்ந்த வாங்கியைக் காட்டின.

டார்ப் மென்சவ்வை நான்கு முறை கடக்கிறது. அந்த நான்கு தண்டுகளும் வாங்கியின் தண்டுகளுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கின்றன. மென்சவ்வுக்கு மேலே அதற்கு ஒரு சின்னத் தலை உண்டு. அது சிப்பிக்குச் சரியாகக் கீழே வருகிறது. தலையில் எதிர் மின்னேற்றமுள்ள ஒரு பகுதியும், சிப்பியின் கீழ் மடலில் நேர் மின்னேற்றமுள்ள ஒரு பகுதியும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். சிப்பி மூடித் துளை திறந்திருக்கும் நிலையை அது தாங்கிப் பிடிக்கிறது, மரத்துப்போகும் நிலைக்குச் சரிவதைத் தாமதப்படுத்துகிறது. திரையில் பார்த்த சாய்வுக்கு இதுதான் அடிப்படை. கொண்டக்டர் உவமை இந்த இடத்தில் போதாது, டார்ப் உடம்பாலேயே கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

எல்லாத் துணையும் உதவி தானே செய்யும்?

துணை என்ற சொல்லே இப்படி நினைக்க வைத்துவிடுகிறது. ஜிஎஸ்ஜி1எல் எதிர்த்திசையில் இழுக்கிறது. அது ஒட்டியிருந்தால் மரத்துப்போன வாங்கி மீண்டு வர அதிக நேரம் எடுக்கும், மின்னோட்டமும் குறையும். சீகேம்ப்44உம் மீட்சியைத் தாமதப்படுத்துகிறது. அதனால் அடுத்தடுத்து வேகமாகச் சமிக்ஞை வந்தால் இரண்டாவது, மூன்றாவது சமிக்ஞைகள் சிறுத்துப்போகும். ஒரு சினாப்ஸ் இரைச்சலுக்குப் பழகிக்கொள்ள இது ஒரு வழி.

கோர்னிச்சான் டார்ப்பைவிட அதிகமாகத் துளையைத் திறந்து வைத்திருக்கும். அதற்குச் சிப்பிக்குக் கீழே நீட்டும் தலை கிடையாது. மென்சவ்வுக்குள் இருந்தபடியே செய்கிறது.

ஒரு வாங்கிக்கு ஒரு துணையா, நாலா?

நான்கு இடங்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 2021இல் எலியின் ஹிப்போகாம்பஸிலிருந்து நேரடியாக எடுத்த வாங்கிகளைப் பார்த்தபோது, இரண்டு இடங்களில் காமா-8உம் மற்ற இரண்டில் கோர்னிச்சான்-2உம் நிற்பது தெரிந்தது. ஆய்வுகூடத்தில் ஸ்டார்கேசினை நிறையக் கொடுத்தால் நான்கு இடமும் ஸ்டார்கேசினால் நிரம்பும். 2016 படங்களைப் பார்த்துவிட்டு மூளையிலும் எப்போதும் நான்கு டார்ப் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆம்பா வாங்கியத் தடுக்கிற மருந்து ஒண்டு அதத் திறக்கும் எண்டு வாசிச்சன். அது அச்சுப் பிழை தானே?

அச்சுப் பிழை இல்லை. சிஎன்கியூஎக்ஸ் என்ற பொருளைத் தடுப்பான் என்றுதான் எல்லாரும் பயன்படுத்தினார்கள். குளுட்டமேட் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். 2007இல் வெளிவந்த ஆய்வொன்று, டார்ப் ஒட்டியிருக்கும் வாங்கியை அதே பொருள் இலேசாகத் திறக்கிறது என்று காட்டியது. அது உட்காரும்போது சிப்பி கொஞ்சம் மூடுகிறது. தனி வாங்கிக்கு அந்தக் கொஞ்சம் போதாது. டார்ப் முட்டுக் கொடுக்கும்போது போதுமாகிவிடுகிறது.

இதை நான் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வற்புறுத்திச் சொல்வேன். தடுப்பான், தூண்டி என்பவை மருந்தின் குணம் மட்டும் இல்லை. வாங்கியின் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று சொல்லாமல் ஒரு மருந்து என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

படிச்சது மனசில நிக்கிறதுக்கும் இதுக்கும் ஏதும் தொடர்பு இருக்கா?

இருக்கிறது. ஒரு சினாப்ஸ் பலமாகத் தூண்டப்பட்டால் என்எம்டிஏ வாங்கி வழியாகக் கல்சியம் உள்ளே வரும். அது காம்-கைனேஸ் 2 என்ற நொதியத்தை எழுப்பும். அந்த நொதியம் டார்ப்பின் வாலில் பொசுபேற்றுக் கூட்டங்களை ஏற்றும். வால் வழக்கமாக நேர் மின்னேற்றத்தோடு இருப்பதால் மென்சவ்வின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பொசுபேற்று எதிர் மின்னேற்றம் கொண்டது. அது ஏறியதும் வால் மென்சவ்விலிருந்து கழன்று கீழே நீளும், பிஎஸ்டி-95ஐ எட்டிப் பிடிக்கும். மேற்பரப்பில் அலைந்துகொண்டிருந்த வாங்கி சினாப்ஸில் தங்கிவிடும். அடுத்தமுறை அதே அளவு குளுட்டமேட் வந்தாலும் பதில் பெரிதாக இருக்கும்.

பாடம் மனதில் பதிவதில் இது ஒரு படி மட்டும்தான். ஆனால் அந்தப் படியில் நடப்பது இவ்வளவு வடிவாகத் தெரிகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறை படிப்பிக்கும்போதும் சந்தோசமாக இருக்கும்.

கைனேட்டுக்கும் என்எம்டிஏக்கும் துணை இல்லையா?

கைனேட் வாங்கிக்கு நெட்டோ-1, நெட்டோ-2 என்று இரண்டு இருக்கின்றன. ஹிப்போகாம்பஸில் கைனேட் வாங்கியின் மின்னோட்டம் மெதுவாக, நீளமாக இழுபடுவதற்கு நெட்டோ-1 ஒரு முக்கிய காரணம். டெல்டா வாங்கியைச் செரிபெலின் என்ற புரதம் எதிர்ப்பக்கத்துக் கலத்தோடு பாலம்போல இணைக்கிறது. அதைத் துணை என்பதைவிடப் பாலம் என்பதே பொருத்தம். என்எம்டிஏக்கு டார்ப் போல எல்லாரும் ஏற்றுக்கொண்ட துணைக் குடும்பம் இல்லை.

இதெல்லாம் தெரிஞ்சு மருந்துக்கு என்ன லாபம்?

வலிப்புக்குப் பெரம்பனல் என்ற மருந்து இருக்கிறது. 2012இலிருந்து பயன்பாட்டில் உள்ளது. அது ஆம்பா வாங்கியை மூளை முழுக்கவே அடக்குகிறது. அதனால் தலைசுற்று, தூக்கம், தள்ளாட்டம் போன்ற பக்கவிளைவுகள் வரலாம், சிலரில் எரிச்சலும் கோபமும் கூடும். தள்ளாட்டம் என்றதும் அந்த எலி ஞாபகத்துக்கு வரவேண்டும். சிறுமூளையும் சேர்ந்து அடங்குகிறது.

வலிப்பு பல நேரங்களில் தொடங்குவது ஹிப்போகாம்பஸ் பக்கம். அங்கே காமா-8 நிறைய இருக்கிறது, சிறுமூளையில் மிகக் குறைவு. ஆகவே காமா-8 ஒட்டியிருக்கும் வாங்கியை மட்டும் அடக்கும் பொருள்களைச் செய்தார்கள். அவை வாங்கியும் காமா-8உம் தொடும் இடுக்கில் போய் உட்காருகின்றன. மற்ற டார்ப்களிலிருந்து காமா-8ஐ அவை பிரித்தறிவது அந்த இடுக்கிலுள்ள இரண்டே இரண்டு அமினோ அமிலங்களால். இந்த வகையில் சில மருந்துகள் மனிதரில் பரிசோதிக்கப்படும் கட்டத்துக்கு வந்திருக்கின்றன.

மிஸ், என்ர மகனுக்கு வலிப்பு. துணைப் புரதத்தில பிழை இருந்தா அப்பிடி வருமாமே? அதுவா இருக்குமோ?

இதைக் கேட்டவர் ஒரு அம்மா, வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு. அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கலத்துக்குள் ஆம்பா வாங்கியைக் கட்டி முடிப்பதற்கு உதவும் எஃப்ஆர்ஆர்எஸ்1எல் என்ற புரதம் இருக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அதன் பழுதான பிரதி வந்த பிள்ளைகளுக்குக் கடுமையான வலிப்பும், கட்டுப்படாத அசைவுகளும், கற்ற திறன்களை இழப்பதும் வரும் என்று 2016இல் தெரியவந்தது. அது மிக அரிது. வலிப்புக்குக் காரணங்கள் ஏராளம். பிறப்பில் ஏற்பட்ட காயம், காய்ச்சல், மூளையின் அமைப்பு, வேறு பல பரம்பரையலகுகள் என்று அது நீண்டுகொண்டே போகும்.

உங்கள் மகன் பேசுகிறான், நடக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான் என்றீர்கள். அந்த நோயின் படம் அப்படி இருப்பதில்லை. இருந்தாலும் நான் டொக்டர் இல்லை. இப்போது கொடுக்கும் மருந்தை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கூடலாம். வலிப்பு வந்த நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, எந்தப் பக்கம் இழுத்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள். அடுத்த கிளினிக் திகதிக்கு இரண்டையும் கொண்டுபோய், பரம்பரையலகுப் பரிசோதனை இவனுக்குத் தேவையா என்று நேரடியாகக் கேளுங்கள்.